ஆடிட்டுக்கு ஒரு நோட்டு, நிஜத்துக்கு ஒரு நோட்டு: நான் எப்படிச் சாட்சியாக வாழ்வது?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 34. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில், ஆட்களின் வேலை நேரத்தைப் பதிகிற டைம் ஆபீஸில் வேலை. சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ஆறு வருடத்துக்கு முன்பு குடியில் கிடந்த என்னை இயேசு தூக்கி எடுத்தார். எங்கள் குடும்பத்தில் நானும் என் மனைவியும் மட்டும்தான் விசுவாசத்துக்கு வந்தவர்கள். சபையில் மாதம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். போனால் கை நடுங்குகிறது, வாய் வருவதில்லை. கம்பெனியில் பையர் (சரக்கு வாங்குகிறவர்) ஆளனுப்பிச் சோதிக்கிற ஆடிட் வரும்போதெல்லாம் ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்ததை ஒரு ஷிப்ட் என்று மாற்றி வேறொரு பதிவேடு தயார் செய்வது என் பொறுப்பு. மனம் உறுத்துகிறது. சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். அவரும் கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். "தொழில்னா அப்படித்தானுங் தம்பி. அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதீங்க, நாலு பேருக்கு சுவிசேஷம் சொல்றதப் பாருங்க" என்றார். ஊர் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) நான் நாலு வருடமாகப் போவதில்லை. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா போனில் அழுகிறார். முன்பு அம்மாவுக்கு அனுப்பிய பணத்தை இப்போது சபைக்குத் தசமபாகமாக (வருமானத்தில் பத்தில் ஒரு பங்காக) கொடுத்து வருகிறேன். கிறிஸ்துவுக்குச் சாட்சியாக வாழ ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் ஆடிட்.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

அன்புத் தம்பிக்கு, சமாதானம் உண்டாவதாக.

நீங்கள் கைப்பிரதியில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் பதிவேட்டில் தொடங்குகிறேன். உங்களை அதிகமாக வாட்டுவது அதுதான் என்று கடிதத்தின் கடைசி வரியே சொல்கிறது. பஸ் ஸ்டாண்டில் கை நடுங்குவதற்கும் டைம் ஆபீஸில் நடக்கிற வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் "இயேசு என்னை மாற்றினார்" என்று சொல்ல வாயைத் திறக்கும்போது, "அந்த நோட்டு?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். உங்கள் மூப்பர் அந்தக் குரலைக் குழப்பம் என்றார். ஆவியானவர் உங்களைக் கைவிடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். அதை அடக்கிவிடாதீர்கள்.

பனியன் தொழில் தெரியாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். காலை எட்டரைக்கு உள்ளே வந்து சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருக்கினால் நடுராத்திரி தாண்டியும் லைன் ஓடும். திருப்பூரில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரைதான் வாடிக்கை, சனிக்கிழமை வாங்குகிற வாரக் கூலியும் அந்தக் கணக்கில்தான். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் செய்கிற வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்றது. ஆறு நாளும் ஒன்றரை பார்க்கிறவருக்கு இடைவேளை போகவே 60 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இரட்டிப்புக் கூலி வருவதில்லை. ஆகவே ஆடிட்டர் கண்ணில் படுகிற நோட்டில் எல்லாரும் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மீதி நேரம் துண்டுச் சீட்டில், ரொக்கமாக முடிந்துபோகிறது.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று உங்கள் மேனேஜர் கேட்கக்கூடும். ஆட்களுக்கும் அந்த அரை ஷிப்ட் காசு வேண்டும்தானே என்பார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஓவர்லாக் டெய்லர். ஒருநாள் இரவு ஏழே முக்காலுக்கு ஊசி அவருடைய ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்து இறங்கி உள்ளேயே முறிந்தது. பக்கத்து மெஷின் பெண்கள் வீலைக் கையால் பின்பக்கம் சுற்றி விரலை விடுவித்தார்கள். கம்பெனி வண்டியில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முனையை எடுத்து, கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டில் இறக்கிவிட்டார்கள். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போகவில்லை. எப்படிப் போகும்? பதிவேட்டின்படி அந்த அம்மா ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாரே. புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. ஓவர்லாக்கில் உட்கார முடியாமல் இப்போது பிசிர் வெட்டுகிறார், பாதிக் கூலிக்கு. வேலை நேரத்தில் அடிபட்டு உறுப்பு ஊனமானால் ஈ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதற்கு அவர் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையைக் கோர்ட் கூண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த அம்மாவுக்கு விரோதமாக ஒரு பதிவேடு சாட்சி சொன்னது. ஏதோ ஒரு டைம் ஆபீஸில் யாரோ ஒருவர் அதை டைப் செய்தார். அவருக்கு அந்த அம்மாவின் முகம்கூடத் தெரிந்திருக்காது. யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியதை இந்த இடத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார், அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார்.

உங்கள் மூப்பரைக் கடுமையாகப் பேச எனக்கு விருப்பமில்லை. யூனிட் நடத்துகிறவரின் கஷ்டம் நிஜமான கஷ்டம். பையர் பீஸுக்கு விலையைக் குறைப்பார், டெலிவரி தேதியை முன்னால் இழுப்பார், அப்புறம் அவர் அனுப்பிய ஆளே வந்து ஏன் இவ்வளவு ஓவர்டைம் என்று கேட்பார். நடுவில் நசுங்குகிறவர் ஜாப் ஒர்க்காரர். ஆனாலும் அவர் உங்களுக்குச் சொன்ன ஆலோசனை தவறானது. யோர்தான் கரையில் வரி வசூலிக்கிறவர்கள் யோவான்ஸ்நானகனிடம் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார்கள். தொழிலைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஜெபம் பண்ணினால் போதும் என்று யோவான் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். கைநீட்டி வசூலிக்கிற அந்தக் கணக்கிலேயே விரலை வைத்தார். வரி வசூலிக்கிறவர்களின் தலைவனான சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே கணக்கைத் திருத்திவிட்டான். தொழில் வேறு விசுவாசம் வேறு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது வேதம் இல்லை தம்பி, நம் பயம்.

சரி, அடுத்த மாதத்துக்குள் என்ன செய்வது?

முதலில் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். வேலை போனால் வாடகைக்கும் பிள்ளைகள் பீஸுக்கும் அவரும் சேர்ந்துதான் தவிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுக்கிற வீர முடிவு அவருக்குச் செய்கிற அநீதி. மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு உண்டா, நகை உண்டா, உங்கள் அனுபவத்துக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இதை விசுவாசக் குறைவு என்று நினைக்க வேண்டாம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுவே.

அதன்பிறகு மேனேஜரைத் தனியாகப் பாருங்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் போகாதீர்கள், அது மிரட்டல் போல ஆகிவிடும். இப்போதே போங்கள். இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி தானியேல். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று அவன் மனதில் முடிவு எடுத்துவிட்டான். எடுத்த பிறகு பிரதானிகளின் தலைவனிடம் சண்டைக்குப் போகவில்லை, வேண்டிக்கொண்டான். அந்தத் தலைவன் தன் தலைக்கே ஆபத்து வருமோ என்று பயந்தபோது, அந்தப் பயத்தையும் மதித்து, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று விசாரணைக்காரனிடம் ஒரு வழியும் சொன்னான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். "சார், இந்த ரெண்டாவது நோட்டை இனி என்னால எழுத முடியாதுங்க. என் மனசாட்சி விடல. கம்பெனி மேல எனக்குக் கோபம் இல்லீங்க. வேற எந்த வேலையா இருந்தாலும் குடுங்க, ராத்திரி எவ்வளவு நேரம் ஆனாலும் நின்னு பாக்கறேன்." இவ்வளவு போதும். பிரசங்கம் செய்ய வேண்டாம்.

அவருக்குக் கொடுக்க ஒரு வழியும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆடிட்டர்கள் டைம் ஆபீஸ் நோட்டை மட்டும் பார்ப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். பேக்கிங் ஸ்லிப்பை, மெக்கானிக் நோட்டை, உடைந்த ஊசிப் பதிவேட்டை எடுத்து நேரத்தை ஒப்பிடுகிறார்கள். ஐந்தரைக்கு மூடிய லைனில் ஏழே முக்காலுக்கு எப்படி ஊசி உடைந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. ஆட்களைத் தனியே கூப்பிட்டு விசாரிக்கவும் செய்கிறார்கள். நேரம் கூடுதலாக இருப்பதை உள்ளபடி காட்டினால், குறைப்பதற்குத் தவணை கொடுத்துத் திருத்தத் திட்டம் கேட்பதுதான் பெரும்பாலான பையர்களின் நடைமுறை. போலிக் கணக்கு பிடிபட்டால் ஆர்டரே போகும். அடுத்த ஆறு மாதத்தில் ஓவர்டைமைப் படிப்படியாகக் குறைக்க ஒரு கணக்கை நீங்களே போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டாலும் கேட்பார்.

கேட்காமலும் போகலாம். "இஷ்டமில்லைன்னா கணக்கை முடிச்சுக்க" என்று சொல்லிவிடலாம். அதை மறைத்து உங்களுக்கு எழுத எனக்கு மனமில்லை. தானியேலுக்குக் கிடைத்த தயவு எல்லாருக்கும் அன்றைக்கே கிடைத்துவிடுவதில்லை. அப்படி நடந்தால் திட்டாமல் வெளியே வாருங்கள், நிலுவைச் சம்பளத்தையும் பி.எஃப். கணக்கையும் முறையாகக் கேட்டு வாங்குங்கள். கணக்கு தெரிந்த, பொய் எழுதாத ஆள் வேண்டும் என்று தேடுகிற முதலாளிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை எழுதிய நோட்டுகளை என்ன செய்வது? சகேயுவைப் போல நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க உங்களிடம் பணமில்லை, அந்தப் பணம் உங்கள் கைக்கு வந்ததும் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை அந்த ஆட்களுக்குத் தெரியாது. பி.எஃப்.பில் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்து பணம் எடுக்க முடியாமல் எத்தனை பெண்கள் அலைகிறார்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஈ.எஸ்.ஐ. கார்டு கையில் இருந்தும் எந்த டிஸ்பென்சரிக்குப் போவது என்று தெரியாத ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் எது எதற்குப் பிடித்திருக்கிறார்கள் என்று யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் அவர்களுக்காக உட்காருங்கள். காசு வாங்காதீர்கள், டீ கூட நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்கள் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயம். அம்மாவுக்கு அனுப்பிய பணத்தைத் தசமபாகமாகக் கொடுத்து வருகிறேன் என்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள் தம்பி. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டவர்களை இயேசு கண்டித்தார். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார் பவுல். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குப் புரிகிறது. யாரோ ஒரு பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, முதற்பலன் கர்த்தருக்கு என்று உற்சாகத்தில் முடிவு செய்திருப்பீர்கள். ஆனால் காங்கேயத்துப் பக்கத்தில் உங்கள் அம்மாவிடம் அக்கம்பக்கத்தார் என்ன கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். "உன்ர பையன் வேதத்துல சேந்தான், உனக்குப் பணம் வர்றது நின்னுபோச்சா?" அந்த ஊரில் இயேசுவைப் பற்றி எழுதப்பட்ட முதல் கைப்பிரதி அதுவாகிப் போயிற்று. இந்த மாதத்திலிருந்தே அம்மாவுக்கு அனுப்புங்கள். நின்ற மாதங்களுக்கும் சேர்த்து, முடிகிறபோது முடிந்த அளவு. காணிக்கை குறைகிறதே என்று சபையில் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். நல்ல மேய்ப்பர் சந்தோஷப்படுவார்.

நோம்பிக்கும் போங்கள். நாலு வருடம் போகாமல் இருந்ததில் யாருக்கும் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. போவதும் கும்பிடுவதும் ஒன்றில்லை என்று நான் நம்புகிறேன். அம்மா ஏங்குவது, வீடு முழுக்க ஒறம்பரை (உறவுக்காரர்கள்) கூடுகிற நாளில் இளைய மகனும் வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காக. அதை அம்மாவுக்குக் கொடுக்கலாம்.

எப்படிப் போவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஊரில் பூச்சாட்டு ஆகி நோம்பி தொடங்கியவுடனே, கூட்டம் சேருவதற்கு முன்பு, ஒரு சாதாரண நாளில் போய் அம்மாவோடு தனியே உட்காருங்கள். "நான் வர்றேம்மா. கூடவே இருப்பேன். கோயில்ல வந்து கும்புட மாட்டேன், நான் கும்புடறது இயேசுவ மட்டுந்தான். அதுக்காக உன்னைய விட்டுட்டேன்னு மட்டும் நெனைக்காத" என்று சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் திருநீற்றுத் தட்டை நீட்டும்போது மறுத்தால் அது அவமானம். பத்து நாள் முன்பே திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அது மரியாதை. அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்று கோயில் பக்கம் எல்லாரும் போயிருக்கும்போது வீட்டில் பந்திக்கு ஆள் வேண்டும். வெங்காயம் உரிக்க, தண்ணீர் எடுத்து வைக்க, இலை போட, எச்சில் இலை எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை எல்லாம் உங்களுடையது. அண்ணி சுமக்கிறதில் பாதியை நீங்கள் சுமந்தால் அண்ணன் காதுக்கு அது தானாகப் போய்ச் சேரும். மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற மஞ்சள் நீராட்டில் அண்ணன் பிள்ளைகள் துரத்தினால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள்.

நோம்பியில் வெட்டுகிற கெடாக்கறி பற்றியும் உங்கள் மனதில் கேள்வி இருக்கும். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரம் தெளிவாகவே இருக்கிறது. விருந்துக்கு அழைத்தால் போகலாம், முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம். படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும் வேண்டாம். நோம்பிக் கெடா படைத்தது என்று ஊருக்கே தெரியும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். அம்மாவிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி, தயிர்சோறு வாங்கிக்கொண்டு எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்காருங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், விளக்கவுரை கொடுக்காதீர்கள்.

நோம்பிக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். இதில் தேவபிள்ளைகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, உங்கள் மனசாட்சியில் நிச்சயப்படுகிறபடி செய்யுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஆளனுப்பி மறுக்காமல் ஊர்ப் பெரியவர்களை நேரில் பார்த்து, கோயில் வரிக்கு என்னால் முடியாதுங்க, பள்ளிக்கூடத்துக்கோ தண்ணித் தொட்டிக்கோ எப்போது கேட்டாலும் இதைவிட அதிகமாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்டால் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கைப்பிரதிக்கு வருகிறேன். கொடுக்கிற வரம் உள்ளவர்கள் கொடுக்கட்டும், அப்படி ஒரு காகிதத்தால் கிறிஸ்துவிடம் வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் அதே வேலை என்று வேதத்தில் இல்லை. லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் குணமானதும் படகில் ஏறி இயேசுவோடு வர ஆசைப்பட்டான். அவர் அவனை ஊர் ஊராக அனுப்பவில்லை. உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்தவைகளை அவர்களுக்கு அறிவி என்றார். உங்களுக்கும் அந்த வார்த்தை பொருந்தும். குடியில் கிடந்த உங்களை ஊரே பார்த்திருக்கிறது. ஆறு வருடமாகத் தொடாததையும் ஊர் பார்க்கத்தான் போகிறது, நீங்கள் அங்கே போய் நின்றால்.

அதற்காக வாயை மூடிக்கொண்டே இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவனாக நடந்தால் போதும், இயேசுவின் பெயரைச் சொல்லவே வேண்டாம் என்கிற ஒரு பேச்சு இப்போது நாகரிகமாகப் பரவுகிறது. அதை நான் ஏற்கவில்லை. பெயரைச் சொல்லாவிட்டால் புகழ் உங்களுக்கு வந்துவிடும், உங்களைத் தூக்கியவருக்குப் போகாது. நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் பேதுரு. கேட்கிறவர்கள் வருவார்கள். "ஏனுங் தம்பி, அந்த நோட்டை எழுத மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமா?" என்று கேன்டீனில் ஒருவர் வந்து உட்காருவார். அண்ணன் ஒருநாள் தோட்டத்து வரப்பில் நடந்துகொண்டே, எப்படிடா குடியை விட்டே என்று கேட்பார். அப்போது சொல்வதற்கு நாலே வாக்கியம் தயாராக வைத்திருங்கள். நான் எப்படி இருந்தேன், யார் என்னிடம் வந்தார், இயேசு என்ன செய்தார், இன்னும் எதில் நான் தடுமாறுகிறேன். அந்த நாலாவதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தைப் பற்றி ஒரு இழிசொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. எபேசுவில் கலகம் நடந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களல்ல என்று பவுலின் கூட்டாளிகளுக்காக ஊர்ச் சம்பிரதி ஒருவனே பேசினான். அந்த நற்பெயர் நமக்கும் வேண்டும். இரண்டாவது, டைம் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் லீவுக்கு வந்து நிற்கிறவரிடம் சுவிசேஷம் பேசாதீர்கள். அவரால் எழுந்து போக முடியாது, பேனா உங்கள் கையில் இருக்கிறது. அவரே வெளியில் வந்து கேட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். மூன்றாவது, சாதி. நம் சபைகளில் பெண் பார்க்கப் போகும்போது "என்ன ஆளுங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிறோம். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒருவரிலொருவர் அன்பாயிருந்தால் அதினால் நீங்கள் என் சீஷர்களென்று எல்லாரும் அறிவார்கள் என்றார் ஆண்டவர். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே எத்தனை ஆயிரம் பிரதி அச்சடித்தாலும் கொங்கு நாட்டில் அது எடுபடாது. நீங்கள் இளைஞர், உங்கள் வீட்டிலாவது அந்தக் கேள்வி நிற்கட்டும்.

இந்த மண்ணில் சுவிசேஷம் புதியது அல்ல. லண்டன் மிஷன் ஊழியர்கள் 1830-லேயே கோவைக்கு வந்துவிட்டார்கள். ஈரோட்டில் ஊழியம் செய்த எச்.ஏ.பாப்லி என்ற வெள்ளைக்காரர் நம் சங்கீதத்தை முறையாகக் கற்று, 1921-ல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1931-ல் வெளியிட்டார். பேச வந்தவர் முதலில் இவ்வளவு காலம் கேட்டிருக்கிறார் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. நீங்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர். உங்கள் அண்ணன் பேச்சை நிறுத்தியதற்குப் பின்னால் என்னென்ன வருத்தம் இருக்கிறது என்று ஒருநாள் முழுக்கக் கேளுங்கள். பதில் சொல்லாமல் கேளுங்கள்.

மேனேஜரைப் பார்க்கப் போகிற நாளை முடிவு செய்ததும் எனக்கு எழுதுங்கள், அன்று காலையில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். வேலையை விட வேண்டிய நிலை வந்தால், அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் என்ன செய்யலாம் என்று உங்கள் ஆயரையும் சேர்த்துக்கொண்டு யோசிப்போம். உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.